எல்லையைக் காக்கும் செலவு யாருடைய கணக்கில் சேர வேண்டும்?

எல்லையோர மாநிலம் ஒன்று காவலுக்காகத் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டால், அதைத் தேசிய அரசு ஈடுசெய்ய வேண்டுமா, அல்லது அது அந்த மாநிலமே சுமக்க வேண்டிய செலவா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2021 மார்ச் மாதம் 'லோன் ஸ்டார் நடவடிக்கை' என்ற பெயரில் மெக்சிகோ எல்லையில் தன் காவலர்களையும், பெயரில் 'தேசிய' என்று இருந்தாலும் மாநில ஆளுநரும் பணிக்கு அழைக்கக்கூடிய தேசியக் காவற்படையினரையும் நிறுத்தி, 1,100 கோடி டாலருக்கும் மேல் செலவழித்த பிறகு இந்தக் கேள்வி சூடு பிடித்தது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டின் எல்லைக் கோட்டைக் காக்கும் செலவு முழுவதும் தேசிய அரசுக்குரியது. ஆனால், மாநிலம் தானாக முடிவெடுத்துச் செய்த செலவைப் பின்னாளில் கேட்டு வாங்கும் உரிமை இதிலிருந்து பிறப்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஏன் முரணில்லை என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு தெளிவு தேவை. எல்லைப் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட செலவுகள் அடங்கியிருக்கின்றன. எல்லைக் கோட்டில் ஆள் நிறுத்துவது, வேலி அமைப்பது, சோதனைச் சாவடி நடத்துவது ஆகியவை ஒரு வகை. எல்லைக்கு உள்ளே, அம்மாநில ஊர்களில் நடக்கும் கடத்தல், திருட்டு, அத்துமீறல் போன்ற குற்றங்களைப் பிடிப்பது இன்னொரு வகை. எல்லையைக் கடந்து வந்துவிட்டவர்களுக்கான சிறை, மருத்துவமனை, பள்ளி, தங்குமிடம் ஆகியவை மூன்றாம் வகை. அரசியல் மேடைகளில் இம்மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். வாதம் குழம்புவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதல் வகைச் செலவை ஏன் தேசம் ஏற்க வேண்டும் என்பதற்கான மிகத் தெளிவான வாதம் அமெரிக்க அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. புதிய அரசியலமைப்பை ஏற்கும்படி நியூயார்க் மக்களை வலியுறுத்தி 1787 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில், அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் இதைப் பேசினார். பிரிட்டனின் ஆட்சிப் பகுதிகளும் ஸ்பெயினின் ஆட்சிப் பகுதிகளும் ஏதோ ஓரிரு மாநிலங்களை மட்டும் ஒட்டி இருக்கவில்லை, மெய்ன் தொடங்கி ஜார்ஜியா வரை ஒன்றியம் முழுவதையும் சூழ்ந்திருக்கின்றன. ஆபத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறலாம், ஆனால் ஆபத்து பொதுவானது. ஆகவே அதைத் தடுக்கும் பணமும் பொதுக் கருவூலத்திலிருந்தே வர வேண்டும் என்றார். ஒவ்வொரு மாநிலமும் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அதிகம் வெளிப்பட்டு நிற்கும் நியூயார்க், தன் அண்டை மாநிலங்களின் பாதுகாப்புக்கும் சேர்த்துச் செலவு செய்ய நேரிடும். அது நியூயார்க்குக்கு நியாயமில்லை என்பதோடு அவர் நிறுத்தவில்லை. மற்ற மாநிலங்களுக்குப் பாதுகாப்பும் இல்லை என்றார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பணமில்லாத மாநிலமோ, மனமில்லாத மாநிலமோ காவலைத் தளர்த்தினால், அதன் விளைவு அம்மாநிலத்தோடு நிற்காது.

இன்றைய கணக்குக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். மெக்சிகோவுடனான அமெரிக்க எல்லை ஏறத்தாழ 3,145 கிலோமீட்டர். அதில் சுமார் 2,000 கிலோமீட்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு, டெக்சாஸ் ஒன்றின் பங்கு. நியூ மெக்சிகோவுக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. எஞ்சியதை அரிசோனாவும் கலிபோர்னியாவும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் எல்லையைக் கடந்து வருபவர்கள் டெக்சாஸில் தங்குவதற்காக மட்டும் வருவதில்லை. போதைப்பொருளும் அங்கேயே விற்றுத் தீர்வதில்லை. காவலின் பயன் அந்த எல்லையைத் தொடாத ஓஹாயோவுக்கும் மினசோட்டாவுக்கும் போய்ச் சேருமானால், அவற்றின் வரிப்பணமும் காவலுக்கு வர வேண்டும் என்பது எளிய நியாயம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு காரணம், விவாதங்களில் அதிகம் எழாதது. எல்லை செலவு மட்டும் வைப்பதில்லை, வருமானமும் தருகிறது. இறக்குமதிச் சுங்கத்தை மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி விதிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பு தடுத்திருக்கிறது. இந்தியாவிலும் சுங்கவரி ஒன்றியப் பட்டியலில்தான் இருக்கிறது. சுங்கத்தை வசூலிப்பவர் ஒருவர், காவலுக்குக் கூலி கொடுப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு எந்தக் கணக்குக்கும் ஒத்து வராது.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டையும் அமெரிக்கா முயன்று பார்த்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குடியேறிகளைப் பரிசோதித்ததும் பராமரித்ததும் மாநிலங்களே. கப்பலில் வந்து இறங்குபவர்களில் நோயாளிகளையும் ஏழைகளையும் பார்த்துக்கொள்வதற்கு, பயணிக்கு இவ்வளவு என்று கப்பல் உரிமையாளர்களிடமிருந்து நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் வரி வாங்கின. 1849-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரிகளைச் செல்லாதவை என்றது. உடனே நியூயார்க் அதே வசூலை வேறு உருவத்தில் கொண்டுவந்தது: ஒவ்வொரு பயணிக்கும் பெருந்தொகைக்குப் பிணைப் பத்திரம் கொடு, இல்லையென்றால் சிறு கட்டணம் கட்டு. யாரும் பிணை கொடுக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தில்தான் 1855 முதல் காசில் கார்டன் என்ற குடியேற்ற நிலையத்தை மாநில ஆணையர்கள் நடத்தினார்கள். 1876-இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டையும் தள்ளுபடி செய்தது.

அதே ஆண்டில் தீர்ப்பான கலிபோர்னியா வழக்கு இன்னும் கூர்மையானது. சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கிய 22 சீனப் பெண்களை ஒழுக்கமற்றவர்கள் என்று முத்திரை குத்திய மாநிலக் குடியேற்ற ஆணையர், ஒவ்வொருவருக்கும் பிணை கேட்டுக் கப்பலிலேயே தடுத்துவைத்தார். ஒரு மாநிலத்தின் அதிகாரி செய்யும் காரியத்தால் நாடு முழுவதும் அயல்நாட்டோடு பகை கொள்ள நேரிடுமே, பாதிக்கப்பட்ட நாடு கணக்குக் கேட்டு வருவது கலிபோர்னியாவிடம் அல்ல, தேசிய அரசிடம்தானே என்று நீதிமன்றம் வாதிட்டது. எல்லையில் யார் உத்தரவிடலாம் என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான விடையை நான் படித்ததில்லை.

உத்தரவிடும் உரிமை போனது. செலவு மட்டும் நியூயார்க்கின் தலையில் நின்றது. நிலையத்தையே மூடிவிடுவோம் என்று நியூயார்க் நெருக்கடி கொடுத்ததன் பலனாகத்தான் 1882-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வந்தது. பயணிக்கு 50 சென்ட் என்று தேசிய அரசே வரி வசூலித்து, பணியைச் செய்யும் மாநில ஆணையங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் பணம் கொடுத்தது. பணம் ஓரிடம், பணியாளர்கள் ஓரிடம் என்ற இந்த இரட்டை ஏற்பாடு ஒன்பது ஆண்டுகள்கூட முழுதாகத் தாங்கவில்லை. 1891-இல் தேசிய அரசே முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. 1892-இன் முதல் நாள் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே தேசிய அரசு மாநிலங்களின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது என்று சொல்வது பாதி உண்மைதான். செலவைத் தாங்க முடியாத மாநிலமே அதைத் தள்ளிவிட்டது என்பது மற்றப் பாதி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு மாநிலத்தையும் படையெடுப்பிலிருந்து காப்பது ஒன்றியத்தின் கடமை என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் பிரிவு. இதைப் பிடித்துக்கொண்டுதான் 1994-இல் தொடங்கி அரிசோனா, கலிபோர்னியா, ஃபுளோரிடா, நியூ ஜெர்சி, நியூயார்க், டெக்சாஸ் ஆகிய மாநிலங்களின் தரப்பிலிருந்து வழக்குகள் தொடரப்பட்டன. தேசிய அரசு எல்லையைச் சரியாகக் காக்காததால் சிறைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் தாங்கள் செலவிட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது கோரிக்கை. எல்லா வழக்குகளும் தோற்றன. படையெடுப்பு என்பது அயல் அரசொன்றின் ஆயுதத் தாக்குதலையே குறிக்கும், அனுமதியின்றி வந்து குடியேறுவதை அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறின. எல்லையில் எவ்வளவு காவல் போதுமானது என்பது நீதிமன்றம் அளந்து சொல்லக்கூடிய விஷயமல்ல, அது நாடாளுமன்றமும் நிர்வாகமும் முடிவெடுக்க வேண்டிய அரசியல் கேள்வி என்றும் சொல்லின. கடமை இருக்கிறது, ஆனால் அந்தக் கடமையைக் காட்டி வசூலிக்கக்கூடிய கடன் பத்திரம் எதுவும் இல்லை. மாநிலங்களுக்கு இது கசப்பான தீர்ப்புதான். இருந்தாலும் சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தால், தேசியக் கொள்கை ஒவ்வொன்றின் துணைவிளைவுக்கும் மாநிலங்கள் விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

டெக்சாஸ் விவகாரத்தைப் புரிந்துகொள்ள, தேசியக் காவற்படைக்குச் சம்பளம் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். அதே வீரர்களே மூன்று விதமாக அழைக்கப்படலாம். முழுமையாகத் தேசியப் பணிக்கு அழைக்கப்பட்டால், உத்தரவும் சம்பளமும் தேசிய அரசுடையவை. மாநிலப் பணிக்கு ஆளுநர் அழைத்தால், இரண்டும் மாநிலத்துடையவை. இடைப்பட்ட மூன்றாவது நிலையில் ஆளுநரின் கட்டளைக்குக் கீழ் இருந்துகொண்டே தேசிய அரசின் சம்பளம் வாங்குவார்கள். ஆனால் அந்தப் பணியைத் தேசிய அரசு முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். அதிபர் ஜார்ஜ் புஷ் 2006 முதல் 2008 வரை 6,000 வீரர்கள் வரை எல்லைக்கு அனுப்பியது இந்த மூன்றாவது வழியில்தான். 2021-இல் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. தேசிய அரசின் கொள்கையோடு அவருக்கு உடன்பாடு இல்லை, எனவே அதன் ஒப்புதல் தேவைப்படாத வழியைத் தேர்ந்தெடுத்தார். விலை அதிகம், தடையில்லாச் சுதந்திரம் அதற்குக் கிடைத்த பலன்.

அந்தச் சுதந்திரம் எவ்வளவு தூரம் போனது என்பதை 2024 ஜனவரியில் ஈகிள் பாஸ் நகரத்தில் பார்த்தோம். ரியோ கிராண்டே ஆற்றோரம் இருந்த ஷெல்பி பூங்காவை மாநிலப் படை கையகப்படுத்தி, தேசிய எல்லைக் காவலர்களையே உள்ளே விடாமல் தடுத்தது. மாநிலம் போட்ட முள்வேலியைத் தேசிய எல்லைக் காவலர்கள் வெட்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மேல்முறையீடு முடியும் வரை வெட்டலாம் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உத்தரவு வந்தது. ஒரே நாட்டின் இரண்டு சீருடைகள் ஒரே ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்றதைச் செலவுக் கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தன் பணத்தில் நிற்கும் படை தன் சொல்லைக் கேட்கும். அது எந்த மாநிலமானாலும் அப்படித்தான்.

மாநிலப் பணமே இப்படியென்றால், தனியார் பணம் இன்னும் மோசம். 2021 ஜூனில் தெற்கு டகோட்டா ஆளுநர் தன் மாநிலக் காவற்படையினர் சிலரை டெக்சாஸ் எல்லைக்கு அனுப்பியபோது, அந்தச் செலவுக்காகச் செல்வந்தர் ஒருவரின் அறக்கட்டளை பத்து லட்சம் டாலர் கொடுத்தது. சீருடை அணிந்த படையைக் காசு கொடுத்து அனுப்ப முடியும் என்பது அரசியல் கட்சி வேறுபாடின்றிப் பலரை உறுத்தியது. பேரிடர்க் காலம் தவிர, மாநிலம் விட்டு மாநிலம் காவற்படை அனுப்பத் தனியார் பணம் வாங்கக் கூடாது என்று அதே ஆண்டின் இறுதியில் பாதுகாப்புச் சட்டத்தில் தடை சேர்த்தார்கள்.

2025 ஜனவரியில், வாஷிங்டனில் ஆட்சி மாறிய வேளையில், 1,110 கோடி டாலரைத் திருப்பித் தரும்படி ஆபட் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரும் வரவுசெலவுச் சட்டத்தில், எல்லைப் பணிக்காக மாநிலங்களுக்குத் தர 1,000 கோடி டாலரும், அதே நோக்கத்தையொட்டிய மற்றொரு நிதிக்கு 350 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. தேசிய அரசே சுவர் கட்ட 4,650 கோடி டாலர் தனியாக ஒதுக்கப்பட்டது. டெக்சாஸ் சட்டமன்றமும் அந்த ஆண்டில் மாநிலச் சுவருக்குப் புதிய நிதி தருவதை நிறுத்திவிட்டது.

சுவரைத் தேசிய அரசு தன் செலவில் கட்டுவதை, அந்தச் சுவர் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளவர்களும் செலவு முறை என்ற அளவில் ஏற்கலாம்: முடிவும் பணமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பழைய செலவை ஈடுசெய்வதில்தான் என் மறுப்பு. டெக்சாஸ் அந்தப் பணத்தைச் செலவிட்டபோது தேசியக் கொள்கையை நிறைவேற்றவில்லை, அதை எதிர்த்தது. கொள்கையை எதிர்ப்பது அம்மாநில மக்களின் அரசியல் உரிமை. ஆனால் அந்த எதிர்ப்பின் செலவை, அந்த முடிவில் வாக்களிக்காத நாற்பத்தொன்பது மாநில மக்களின் மீது ஏற்றுவது வேறு விஷயம். நாளை இன்னொரு கட்சி ஆளும் மாநிலம் தேசியக் கொள்கைக்கு எதிர்த்திசையில், உதாரணமாகக் குடியேறிகளுக்குச் சட்ட உதவி அளிப்பதற்குச் செலவிட்டு, ஆட்சி மாறியதும் கணக்கு நீட்டினால், இன்று கைதட்டுபவர்கள் என்ன சொல்வார்கள்? அடுத்த தேர்தலில் யார் வெல்வார் என்பதைப் பொறுத்துத் திரும்பி வரும் பணம், செலவிடும் கையைச் சிக்கனமாக இருக்கவும் விடாது.

இதே காலத்தில் செலவு வேறு வழியாகவும் இடம்பெயர்ந்தது. 2022 ஏப்ரல் முதல், எல்லையில் விடுவிக்கப்பட்ட குடியேறிகளை டெக்சாஸ் பேருந்துகளில் ஏற்றி வாஷிங்டனுக்கும் பிறகு நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களுக்கும் அனுப்பியது. தங்குமிடம் கேட்போருக்குத் தர வேண்டிய சட்டக் கடமை கொண்ட நியூயார்க் நகரம் இதற்குப் பல நூறு கோடி டாலர் செலவிட்டு, அதன் பிறகு தேசிய அரசிடம் கையேந்தியது. முறை எனக்கு உவப்பானதல்ல என்றாலும், ஹாமில்டன் சொன்ன ஆபத்தும் செலவும் பொதுவானவை என்ற கருத்தை, எல்லையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்கு எந்தக் கட்டுரையையும்விட அந்தப் பேருந்துகள் தெளிவாக விளக்கிவிட்டன.

மூன்றாம் வகைச் செலவுதான் உண்மையில் சிக்கலானது. யாரை உள்ளே விடுவது என்பதைத் தேசம் முடிவுசெய்கிறது; வந்தவர் குற்றம் செய்தால் அடைப்பது மாநிலச் சிறையில், நோயுற்றால் சேர்வது உள்ளூர் மருத்துவமனையில். அனுமதியின்றி வந்து குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்களின் செலவில் ஒரு பகுதியைத் தேசிய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் திட்டம் 1994 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது கொடுப்பது மொத்தச் செலவில் சிறு பங்குதான். எல்லையோர உள்ளூர்க் காவலர்களின் மிகைநேரப் பணிக்கும் கருவிகளுக்கும் 'ஸ்டோன்கார்டன்' என்ற மானியம் ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டாலர் தந்துவந்திருக்கிறது. தொகை போதாது என்பது மாநிலங்களின் நியாயமான குறை. ஆயினும் வடிவம் சரியானது: எதற்கு, எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பது முன்னதாகவே எழுதப்பட்டிருக்கிறது. வந்தவர்களும் வேலை செய்து மாநிலத்துக்கு விற்பனை வரி செலுத்துகிறார்கள் என்பதால், முழுச் செலவையும் கேட்பதற்கு முன் அந்த வரவையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

இந்திய அனுபவமும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போயிருக்கிறது. 1965 வரை பாகிஸ்தான் எல்லையைக் காத்தது அந்தந்த மாநிலங்களின் ஆயுதக் காவற்படையே. அந்த ஆண்டு ஏப்ரலில் கட்ச் பகுதியில் நடந்த தாக்குதல், மாநிலக் காவலர்களால் இதைச் சமாளிக்க முடியாது என்பதைக் காட்டியது. டிசம்பர் 1 அன்று எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. வெளித் தாக்குதலிலிருந்து ஒவ்வொரு மாநிலத்தையும் காப்பது ஒன்றியத்தின் கடமை என்று 355-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இங்கே முதல் வகைச் செலவில் தகராறு இல்லை. தகராறு ஓரங்களில்தான். வங்கதேசத்துடனான 4,096 கிலோமீட்டர் எல்லையில் மேற்கு வங்கத்தின் பங்கு மட்டும் 2,216 கிலோமீட்டர். வேலிக்குப் பணம் ஒன்றியம் தருகிறது, நிலத்தை மாநிலம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்த இடத்தில் வேலை ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. 2021 அக்டோபரில் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களில் எல்லைப் படையின் அதிகார வரம்பு 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக விரிக்கப்பட்டபோது, பஞ்சாப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பணம் கொடுப்பவர் அதிகாரத்தையும் உள்நோக்கி நீட்டிக்கொள்வார் என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல.

இதைவிட நுட்பமானது, ஒன்றிய வரியை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதி ஆணையத்தின் அனுபவம். பாதுகாப்புக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புக்கும் தனி நிதி வேண்டுமா என்று ஆராயும்படி 2019-இல் அதனிடம் கூடுதலாகக் கேட்கப்பட்டது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 2,38,354 கோடி ரூபாய் கொண்ட நிதியை அது பரிந்துரைத்தது. வரிப் பகிர்வுக்கு முன்பே இதற்குப் பணம் எடுக்கப்பட்டால், நாட்டுப் பாதுகாப்பின் செலவு மாநிலங்களின் பங்கிலிருந்து மறைமுகமாகக் கழிகிறது என்பதே எழுந்த அச்சம். பாதுகாப்பு ஒன்றியத்தின் கடமை என்பதால்தானே ஒன்றியத்துக்கு வரியில் பெரும்பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? 'தேசிய அரசு கொடுக்கிறது' என்று கேட்டவுடன் தேசிய அரசின் எந்தப் பையிலிருந்து என்றும் கேட்க வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: தேசிய அரசு தன் கடமையைச் செய்யவே இல்லையென்றால், எல்லையில் வாழ்பவர்கள் அடுத்த தேர்தல் வரை கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. இரண்டாம் வகைச் செலவு, அதாவது தன் மண்ணில் நடக்கும் குற்றத்தைப் பிடிக்கும் வேலை, எப்போதும் மாநிலத்துடையதே. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, யாரிடமும் பணம் கேட்கவும் வேண்டியதில்லை. எல்லைப் பணியிலேயே பங்கெடுக்க விரும்பும் மாநிலத்துக்கும் வழி இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியா 2018-இல் தன் செலவில் தனி எல்லைக் காவல் பிரிவை மீண்டும் தொடங்கியது. எல்லைக் காவல் அதிகாரம் கூட்டாட்சியின் தேசிய அரசுக்கே உரியது என்று கூறி, அதற்கு மாநிலச் சட்டம் தந்த தனி அதிகாரங்களை 2020-இல் அம்மாநில அரசியலமைப்பு நீதிமன்றமே செல்லாதவை என்றது. படை கலைக்கப்படவில்லை, கூட்டாட்சிக் காவல்துறையின் ஒப்புதலோடு பணிபுரிகிறது, சம்பளத்தை பவேரியாவே கொடுக்கிறது. டெக்சாஸ் கேட்டிருக்க வேண்டியது செலவான பிறகு ஈட்டுத்தொகையை அல்ல. செலவுக்கு முன்னால், எந்தப் பணிக்கு எத்தனை ஆட்கள், யாருடைய கட்டளை, யாருடைய சம்பளம் என்று எழுதிய ஓர் ஒப்பந்தத்தை. அதைத் தேசிய அரசு மறுத்திருந்தால், அந்த மறுப்பை வைத்தே நாடாளுமன்றத்தில் அதற்கு 38 பிரதிநிதிகளையும் இரண்டு செனட்டர்களையும் கொண்ட மாநிலமாக வாதாடியிருக்கலாம்.